பக்கத்து சீட்டு பிரேக்

பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் பதறிப்போனால் சொல்லித் தருகிறவர் மிதித்து நிறுத்துவதற்காக வைத்தது. அந்த பிரேக்கை மிதிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வண்டி குலுங்காது, தலை முன்னால் போய் விழாது. தூங்கும் குழந்தையைப் படுக்கையில் விடுகிற மாதிரி மெல்ல நிற்கும். ஓட்டியவர் தானே நிறுத்திவிட்டதாக நினைத்துப் பெருமைப்பட்டுக்கொள்வார். அவளும் அந்தப் பெருமையைக் கெடுக்க மாட்டாள். அவளிடம் கார் பழகியவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. பிரேக் அக்கா என்றால்தான் தெரியும்.

அக்கா பெரிய உருவம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினால்தான் உட்கார முடியும். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டும்போது அது ஒருமுறை முனகிவிட்டுத்தான் மாட்டிக்கொள்ளும். வண்டி ஒரு பக்கம் சாய்கிறதே என்று பயப்படாதீர்கள், நான் இறங்கினால் நிமிர்ந்துவிடும் என்று முதல் நாளே சொல்லி, நடுங்கிக்கொண்டு வருகிறவர்களைச் சிரிக்கவைத்துவிடுவாள். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவாள். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறும் இடைவெளியில் டீ வரும், டீக்குத் துணையாகப் பொரித்தது ஏதாவது வரும். அவள் உழைப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அத்தனையும் உட்கார்ந்தே செய்த உழைப்பு.

போதாக்குறைக்கு ரொட்டிக்கடைக்காரர் வேறு. ஐம்பதைத் தாண்டியவர், மாவு பிசைந்து பிசைந்து கை இரும்பாகியிருந்தது, மனசு மட்டும் வெண்ணெய். தன் கடை ரொட்டியைத் தானே வண்டியில் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. ஓட்டுநர் தேர்வில் ஏற்கெனவே கோட்டைவிட்டவர். எதிரே சைக்கிள் வந்தால்கூடக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும் அவருக்கு. அந்தக் குறையை ஈடுகட்டவோ என்னவோ, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பை நிறைய இனிப்பு பன் கொண்டுவருவார், அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு. வேண்டாம் என்று சொல்ல அக்கா என்ன துறவியா?

காலில் எரிச்சல் தொடங்கியபோது அவள் அதைச் செருப்பின் குற்றம் என்றாள். செருப்பை மாற்றினாள். பிறகு சோப்பின் குற்றம் என்றாள். பாதத்தில் மிளகாயை அரைத்துப் பூசியது மாதிரி எரிந்தது, போர்வை பட்டாலே தாங்கவில்லை. டாக்டரிடம் போனாள். அந்த டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், எடையைக் குறைங்க என்றார். பாதத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து ஒரு தடவை பார்த்திருந்தால் அவர் முதுகு ஒன்றும் ஒடிந்திருக்காது. தலைவலி என்று போனாலும் எடை, பல்வலி என்று போனாலும் எடை என்று கேட்டுப் பழகிய அக்காவுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வலித்தது, அவ்வளவுதான். இனி இந்தப் பக்கம் வருவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டாள்.

ரத்தப் பரிசோதனையில் மட்டும் ஒரு வார்த்தை வந்தது. சர்க்கரை பார்டரில் இருக்கிறதாம். ஓட்டுநர் பள்ளி நடத்துகிற வீட்டில் பார்டர் என்றால் ஒரே அர்த்தம்தான். பார்டர் பாஸ். தட்டுத் தடுமாறி, கோட்டைத் தொட்டும் தொடாமலும் வண்டியைத் திருப்பி லைசென்ஸ் வாங்குகிறவரை அந்த வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். பாஸ் என்றால் பாஸ். லைசென்ஸில் பார்டர் என்று அச்சடிக்கவா போகிறார்கள்? அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக், சாது. அவர் அன்று மாலை கேக் வாங்கிக்கொண்டு வந்தார். சர்க்கரை நோய் இல்லை என்பதைக் கேக் வெட்டிக் கொண்டாடிய குடும்பம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கொஞ்ச மாதத்தில் எரிச்சலும் நின்றுபோனது. அக்காவின் நாத்தனார், அதாவது லிஃப்ட் மெக்கானிக்கின் தங்கை, பள்ளியின் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் கொடுத்த ஏதோ ஒரு எண்ணெயைத்தான் அக்கா தடவிவந்தாள். என் எண்ணெயாக்கும் என்று நாத்தனார் வாரக்கணக்கில் மார்தட்டிக்கொண்டாள். எரிச்சல் இல்லை, வலி இல்லை, ஒன்றுமே இல்லை. ஒருநாள் அக்கா வாசலிலிருந்து சமையலறை வரை ஒற்றைச் செருப்போடு நடந்துபோனாள். இன்னொன்று வாசலிலேயே கழன்று கிடந்தது. கணவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து காட்டினார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கி ரொம்ப நாள் ஆகவில்லை. ரொட்டிக்கடைக்காரர் தபால் நிலையத்துக்குப் பக்கத்துச் சரிவில் வண்டியை இறக்கிக்கொண்டிருந்தார். கீழே சாலை கடக்கும் இடத்தில் ஒருவர் தன் சின்ன மகளைக் கையில் பிடித்தபடி இறங்கினார். அக்கா நிறுத்தச் சொன்னாள். ரொட்டிக்கடைக்காரர் நிறுத்தத்தான் நினைத்தார், ஆனால் பதற்றத்தில் கால் ஆக்ஸிலரேட்டரில் போய் விழுந்தது. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. அதற்குத்தான் பக்கத்து சீட்டு பிரேக். அக்கா மிதித்தாள். ஓங்கி மிதித்தாள்.

வண்டி நிற்கவில்லை. இன்ஜின் ஊளையிட்டது, வண்டி சரிவில் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. அக்கா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள், மறு கையால் ஹேண்ட் பிரேக்கைத் தூக்கினாள். வண்டி தபால் நிலையத்துச் செடி வேலிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. ஒரு விளக்கு உடைந்தது. மகளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு அந்த மனிதர் நின்ற இடம், கதவைத் திறந்தால் இடிக்கும் தூரம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

கூட்டம் கூடி ரொட்டிக்கடைக்காரரைத்தான் வறுத்தெடுத்தது. அவரும் வேலியிடம்கூட மன்னிப்புக் கேட்கிற நிலையில் இருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் கைகூப்பினார், இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன் என்றார். அக்கா மட்டும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் அந்த ஊளை நிற்கவில்லை. ஆக்ஸிலரேட்டர் மிதிபட்டிருக்கும்போது பிரேக்கையும் மிதித்தால் இன்ஜின் முக்கும், திணறும், கடைசியில் செத்துப்போகும். ஊளையிடுவது கிளட்ச் மிதிபட்டால் மட்டும்தான். குனிந்து பார்த்தாள். அவள் கால் இன்னமும் கிளட்ச்சின்மேல் இருந்தது. பிரேக்கை மிதித்தேன் என்று கால் சத்தியம் செய்தது. சத்தியம் பொய் என்று காது சொன்னது. காது அவளிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

கூட்டம் கலைந்ததும் அவள் ரொட்டிக்கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

"தப்பு உங்க மேல இல்ல. நான் பிரேக்குன்னு நெனச்சு கிளட்ச்ச மிதிச்சிருக்கேன். எது மேல கால் இருக்குன்னே எனக்குத் தெரியல."

அவர் நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காக டீச்சர் இப்படிச் சொல்கிறார் என்று நினைத்து, அதற்கும் சேர்த்துக் கைகூப்பினார்.

நாத்தனார் விஷயம் கேட்டதும் முதலில் கதவைச் சாத்தினாள். பிரேக் அக்காவுக்கு பிரேக் தெரியவில்லை என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு ஒரு ஈ காக்கா வராது என்றாள். அந்த ஆளே பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறார், பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருக்கிறது, அதை ஏன் வெளியே எடுத்துப் போட வேண்டும் என்றாள். அவள் கெட்டவள் இல்லை. பள்ளியின் மேல் அவளுக்குப் பிள்ளைப் பாசம். அக்கா முழுவதையும் கேட்டாள்.

"அவர் கால் தப்பு பண்ணுச்சு. பண்ணும். அந்தத் தப்ப நிறுத்தத்தான் நான் அங்க உட்கார்ந்திருக்கேன். என் கால் நிறுத்தலையே. அந்தப் பொண்ணு அவங்கப்பா கையப் பிடிச்சிட்டிருந்ததால பொழச்சது, என்னால இல்ல."

அன்றைக்கே வண்டிச் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள், ஏன் என்று கேட்டவர்களிடம் மறைக்காமல் சொன்னாள்.

நரம்பு டாக்டர் ஒரு பெண், சின்ன உருவம். உள்ளே நுழையும்போதே அக்கா முந்திக்கொண்டாள். எடையைக் குறைக்கச் சொல்லப் போகிறீர்கள் என்று தெரியும், அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைப் பேசலாம் என்றாள். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அக்காவின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் அந்தக் காலைத் தொட்டதில்லை. தொட்டது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை.

இரண்டு பல் கொண்ட ஒரு இரும்புக் கவையைத் தட்டி அதிரவிட்டுக் கட்டைவிரலில் வைத்தார் டாக்டர். அதிர்வு நின்றதும் சொல்லுங்கள் என்றார். ஆரம்பித்தால்தானே நிற்பதைச் சொல்ல? கணுக்காலில் வைத்தபோதும் ஒன்றும் இல்லை. முழங்காலுக்குக் கீழே எங்கோ தூரத்தில் ரயில் போகிற மாதிரி லேசாகத் தெரிந்தது. பிறகு கண்ணை மூடச் சொல்லி விரலை மடக்கினார், மேலேயா கீழேயா என்று கேட்டார். அக்கா மேலே என்றாள். கண்ணைத் திறந்தபோது விரல் கீழே இருந்தது. அவள் வாழ்க்கையில் எத்தனையோ பேரைத் தேர்வுக்கு அனுப்பியிருக்கிறாள். இவ்வளவு சுலபமான கேள்வியில் யாரும் தோற்றதில்லை. மின்சாரம் வைத்துப் பார்க்கிற சோதனை, ரத்தம், வைட்டமின், தைராய்டு எல்லாம் பார்த்த பிறகு டாக்டர் எதிரே உட்கார்ந்தார்.

"எரிச்சல் நின்னது குணமாகி நின்னதில்ல. சொல்லிக்கிட்டிருந்த நரம்பு சொல்றத நிறுத்திடுச்சு."

"ஆனா எனக்கு சக்கரையே இல்லியே டாக்டர். பார்டர்தானே?"

"பார்டர்னா பாஸுன்னு யாரு சொன்னது?"

எங்கள் வீட்டில் எல்லோரும், என்று அக்கா உண்மையைச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை கோட்டைத் தாண்டும்வரை நரம்பு காத்திருக்கும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. வயிற்றைச் சுற்றிய கொழுப்பு, ரத்தத்தில் ஏறிய கொழுப்பு, ரத்த அழுத்தம், பார்டரில் நிற்கிற சர்க்கரை, எல்லாம் கூட்டுச் சேர்ந்தால் அந்தக் கூட்டே போதும். முதுகிலிருந்து கால் விரல் வரை போகிற நரம்புதான் உடம்பிலேயே நீளம். குழாயில் அழுத்தம் குறைந்தால் தெருவின் கடைசி வீட்டுக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும். கால்தான் அந்தக் கடைசி வீடு. பருமனாக இருக்கிற எல்லோருக்கும் இது வருவதில்லை, ஒல்லியாக இருக்கிறவர்களுக்கு வராது என்றும் இல்லை. உங்களுக்கு வந்திருக்கிறது, அதைத்தான் நாம் பேச வேண்டும் என்றார். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, செய்ய நிறைய இருக்கிறது என்றும் சொன்னார். எடையைக் குறைக்கத்தான் அவரும் சொன்னார். ஆனால் எதற்கு என்று சொன்னார், எப்படி என்று சொன்னார், உதவிக்கு யாரிடம் போக வேண்டும் என்றும் சொன்னார். அதே வார்த்தை, வேறு மனுஷி.

"திரும்ப வருமா?" என்று அக்கா கேட்டாள்.

"சின்ன நரம்புங்க கொஞ்சம் துளிர்க்கலாம். பெரிய நரம்பு எவ்வளவு வரும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது. இப்படியே விட்டா இன்னும் போகும். அதுக்கு வேணா வாக்குக் குடுக்கறேன்."

வீட்டுக்கு வந்து அக்கா அழுதாள். நன்றாக, மூக்கு சிவக்க, தலையணை நனைய அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கணவரையும் நாத்தனாரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"அந்த சீட்டுல நான் மறுபடி உட்காருவேன். ஆனா இதுதான் பிரேக்குன்னு என் கால் சொல்லணும். சொல்ற வரைக்கும் ஒருத்தரையும் என்னை நம்பி ஏத்த மாட்டேன்."

நாத்தனாரிடம் பயிற்சி அளிக்கும் லைசென்ஸ் இருந்தது. வாங்கி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு ஆபீஸ் மேசைக்குப் பின்னால் பதுங்கியிருந்தாள். அண்ணியின் சீட்டில் உட்காருவதா என்று முதலில் கையை உதறினாள். பழகுகிறவர்களைவிட அவளுக்குத்தான் பயம் அதிகம். அக்கா தானே சீட்டை முன்னால் தள்ளிக் கொடுத்தாள். சாலையில் போகிற வகுப்பெல்லாம் நாத்தனாருக்கு. மைதானத்தில் ஊர்ந்து ஊர்ந்து ரிவர்ஸ் எடுப்பது, இடுக்கில் நிறுத்துவது போன்ற வகுப்புகளில் அவள் உள்ளே பிரேக்குக்கு உட்கார்ந்துகொள்ள, பாடம் நடத்துவது அக்கா. ஆனால் உட்கார்ந்து அல்ல. வண்டிக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கு வெளியே, நடந்தபடி.

அப்படி ஒரு பாடத்தை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. வண்டி ஆமை மாதிரி ஊரும், கூடவே அக்கா ஜன்னலைப் பிடித்தபடி நடப்பாள். ஸ்டியரிங்க ஒடிங்க, இன்னும் ஒடிங்க, இப்ப நேராக்குங்க. முதல் வாரம் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இன்ஜினைவிட அவளுக்கு அதிகம் மூச்சு வாங்கியது. முதலில் நிற்பது வண்டியா அக்காவா என்று வேடிக்கை பார்த்தவர்கள் பந்தயம் கட்டினார்கள். அவளுக்கு அது காதில் விழாமல் இல்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், இங்கே அம்மியே எழுந்து நடக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடமே சொல்லிவிட்டு அடுத்த சுற்று போனாள். சாப்பாட்டில் அவள் கைவைத்த விதமும் அப்படித்தான். பட்டினி கிடக்கவில்லை. டாக்டர் அனுப்பிய உணவு ஆலோசகர் சொன்னபடி காய், பருப்பு, அளவாகச் சோறு. பொரித்தது வாரத்தில் ஒருநாள், அதுவும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து. பாசத்தை எண்ணெயில் பொரித்தே காட்டிப் பழகிய கணவர் கொஞ்ச நாள் சமையலறையில் திக்குத் தெரியாமல் நின்றார்.

அவருக்கு வேறு ஒரு வேலை வந்தது. தினமும் சாயங்காலம் அக்காவின் பாதத்தைப் பார்ப்பது. உணர்ச்சி இல்லாத காலில் புண் வந்தாலும் தெரியாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். லிஃப்ட்டின் கம்பிகளை இழை இழையாக விளக்கடித்துப் பார்க்கிற மனிதர், அதே டார்ச்சோடு மனைவியின் கால் விரல் இடுக்குகளைப் பார்ப்பார். முதலில் அக்கா கூச்சப்பட்டாள். பிறகு பழகிப்போனது. ஒருநாள் அவர் டார்ச்சை அணைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். காலுறையின் அடிப்பக்கம் கறுப்பாக நனைந்திருந்தது. ஷூவைக் கவிழ்த்தபோது ஒரு சின்ன திருகாணி விழுந்தது. காலையிலிருந்து அதன்மேல்தான் அவள் நடந்திருக்கிறாள், அத்தனை சுற்றும். வலித்திருந்தால் ஒரு அடி வைத்திருக்க மாட்டாள். பாதத்தைக் கையில் ஏந்தியபடி அழுதார்.

புண் ஆறும்வரை நடக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அக்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் பழைய பசி எல்லாம் வரிசை கட்டி வந்து நின்றது. ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது பிஸ்கட் பெட்டியைக் காலி செய்துவிட்டாள். வெறும் பெட்டியைப் பார்த்ததும் அவளுக்குத் தன்மேல் வந்த கோபம் கொஞ்சம் நஞ்சமல்ல. எல்லாம் போச்சு, இனி என்ன என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். தேர்வில் ஒருமுறை தோற்றுவிட்டு, இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சாவியைத் திருப்பிக் கொடுக்கிறவர்களின் குரல். அப்படிச் சொன்ன ஒருவரையும் அவள் போகவிட்டதில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்கினாள். புண்ணில்லாத காலை நீட்டி மடக்கினாள். வியர்த்துக் கொட்டும்வரை விடவில்லை.

ரொட்டிக்கடைக்காரர் பார்க்க வந்தார். வழக்கமான பை இல்லை, வெறுங்கை. வாசலில் நின்று, ஒன்றும் கொண்டுவரவில்லை டீச்சர், வேண்டுமென்றேதான் கொண்டுவரவில்லை என்று தடுமாறினார். அவர் செய்ததிலேயே பெரிய தியாகம் அதுதான் என்று அக்காவுக்குப் புரிந்தது. விஷயம் கேள்விப்பட்டு பள்ளிக்கு ஆள் வரத்து குறைந்ததா என்று அவரிடமே கேட்டாள். கொஞ்சம் குறைந்ததுதான். ஆனால் தன் காலை நம்பாமல் தானே இறங்கிய டீச்சரிடம்தான் என் பெண்ணை அனுப்புவேன் என்று சொல்லி ஒருவர் மகளைச் சேர்த்திருக்கிறார் என்றார். அக்கா அவரை உட்காரவைத்து, அடுத்த வாரமே மறுபடி ஓட்ட வர வேண்டும் என்று உத்தரவு போட்டாள். அவர் வந்தார். நாத்தனாரிடம் பழகினார். பயந்தவரும் பயந்தவரும் சேர்ந்து எப்படியோ தைரியத்தைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். அவர் பாஸ் பண்ணிவிட்டார்.

புண் ஆறியதும் அக்கா திரும்ப நடந்தாள். இந்த முறை ஷூவைப் போடும் முன் கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்க்காமல் ஒருநாளும் போடவில்லை. மழைக்காலம் போய் வெயில் வந்தது. சட்டைகள் தொளதொளத்தன. ரத்தத்தில் கொழுப்பு இறங்கியது, சர்க்கரை பார்டரை விட்டுக் கீழே வந்தது. டாக்டர் கவையை அதிரவிட்டுக் கணுக்காலில் வைத்தபோது அக்கா நின்றுவிட்டது என்றாள், சரியான நேரத்தில். கட்டைவிரலில் வைத்தபோது யோசித்தாள். இருக்கிற மாதிரியும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கலாம் என்றாள். அந்தப் பதில் தனக்குப் பிடித்திருக்கிறது என்றார் டாக்டர். முன்னேற்றம் உண்டு, ஆனால் மாலை போட இன்னும் நேரம் வரவில்லை என்றார். சாலையில் வேண்டாம், மூடிய மைதானத்தில் தெரிந்தவரை வைத்து உங்கள் காலை நீங்களே சோதித்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

சோதனைக்கு நாள் குறித்தார்கள். மைதானத்தின் நடுவில் ரொட்டிக்கடைக்காரர் தன் கடையின் காலி பிளாஸ்டிக் தட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கினார். ஏற்பாடு இதுதான். அவர் ஓட்டுவார். எப்போது என்று சொல்லாமல், அன்றைக்குப் போலவே பதறினவராக ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். அக்கா தன் பிரேக்கால் வண்டியைத் தட்டுகளுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். கணவர் தட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். என்னை நம்புகிறீர்கள் என்று தெரியும், தள்ளி நில்லுங்கள் என்று அக்கா அவரை விரட்டினாள். அவர் ஓரத்துக்கு வந்து நாத்தனாரின் பக்கத்தில் நின்றார். சீட் பெல்ட் இந்த முறை முனகாமல் மாட்டிக்கொண்டது.

வண்டி புறப்பட்டது. பாதி தூரத்தில் இன்ஜின் சீறியது. அக்கா மிதித்தாள். இன்ஜின் முக்கியது, திணறியது, நின்றது. தட்டுகளுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். நாத்தனார் ஓடிவந்தாள். கணவர் கைதட்டினார், தட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரொட்டிக்கடைக்காரர் ஸ்டியரிங்கின்மேல் தலையைச் சாய்த்துவிட்டார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மிதிப்பதற்கு முன் தன் கண் கீழே போய் வந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு இமைப்புதான். கால் எங்கே இருக்கிறது என்று கண் பார்த்துச் சொன்னது, பிறகுதான் கால் மிதித்தது. அந்த ஒரு இமைப்பில் சாலையில் என்னவெல்லாம் நடக்கலாம் என்று அவளுக்குத் தெரியாதா?

இன்னொரு தடவை என்றாள். எதற்கு என்று மூன்று பேரும் கேட்டார்கள். அவள் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாள். வண்டி பின்னால் போய் மறுபடி புறப்பட்டது. இந்த முறை அவள் கண்ணைத் தட்டுகளைவிட்டு எடுக்கவில்லை. இன்ஜின் சீறியது. அவள் மிதித்தாள். கால் பிரேக்கின் ஓரத்தில் பட்டு வழுக்கியது. அவள் அதைத் திருத்தி மறுபடி மிதிப்பதற்குள் தட்டுகள் சடசடவென்று பறந்தன. வண்டி அவற்றின் நடுவில் போய் நின்றது.

அக்கா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். கணவர் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டார். வருத்தப்படுவாள் என்று பார்த்தால் அவள் முகம் அப்படி இல்லை. ரொம்ப நாள் காத்திருந்த செய்தி வந்த ஆள் மாதிரி இருந்தது.

"வழுக்கினது எனக்குத் தெரிஞ்சுதுங்க. பாக்காமலே தெரிஞ்சுது. பிரேக்கோட ஓரத்துல பட்டு வழுக்குதுன்னு கால் சொல்லுச்சு."

நாத்தனார் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் இது ஜெயித்த மாதிரிதான் என்றாள். முதல் தடவை நின்றதே, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், இரண்டாவது சும்மா விளையாட்டுக்கு என்றாள். நாளைக்கே உட்காரலாம் என்று கணவரும் சேர்ந்துகொண்டார். ஆசை யாரை விட்டது? அக்கா சிதறிக் கிடந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். ரொட்டிக்கடைக்காரரும் இறங்கிவந்து கூட அடுக்கினார். அவள் அடுக்கி முடித்துவிட்டு நாத்தனாரைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுது. ஆனா லேட்டாத் தெரிஞ்சுது. லேட்டுன்னா ஃபெயில்தான். அடுத்த தேதி சொல்லு."